தேய்ந்த சென்டின் மூலபாடம்

அமெரிக்காவின் தொடக்கக்காலச் செப்புக் காசுகளை ஆராய்வோர் தேய்மானத்துக்கு ஒரு விசித்திரமான அடிவரம்பு வைத்திருக்கிறார்கள். வில்லியம் ஷெல்டன் 1949-இல் வெளியிட்ட நூலில், ஒரு காசின் நிலையை 1 முதல் 70 வரையான எண்ணால் குறிக்கும் முறையை முன்வைத்தார். இன்று உலகின் பல நாணயச் சந்தைகள் பின்பற்றும் 70 புள்ளி அளவுகோலின் தொடக்கம் அதுதான். சந்தையின் கண் எப்போதும் அதன் மேல்முனையில் இருக்கும். எனக்கோ கீழ்முனைதான் சுவையானதாகப் படுகிறது. 1 என்னும் எண்ணைப் பெற ஒரு காசு அழகாக இருக்க வேண்டியதில்லை. எழுத்துகளில் பெரும்பகுதி மறைந்திருக்கலாம். அது எந்த அச்சிணையில் அடிக்கப்பட்டது என்று ஐயமறச் சொல்ல முடிந்தால் போதும். அதுவும் முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அது அளவுகோலை விட்டே வெளியேறிவிடுகிறது. அடையாளம் காண முடிகிற வரைதான் அது காசு, அதற்கப்பால் வெறும் செம்பு.

நாணயவியல் என் துறை அன்று. மொழியியல் வழியாகப் பாடபேத ஆய்வுக்கு வந்து, அங்கிருந்து இந்தச் செப்புக் காசுகளிடம் வந்து சேர்ந்தேன். மூல ஏடு கிடைக்காத நிலையில், சிதைந்த படிகளை ஒப்பிட்டு மூலத்தை மீட்பது சுவடிப் பதிப்பாளரின் வேலை. மூல அச்சுகள் பெரும்பாலும் அழிந்துபோன நிலையில், தேய்ந்த காசுகளை ஒப்பிட்டு அந்த அச்சுகளை மீட்பது இவர்களின் வேலை. ஒப்புமை மேம்போக்கானது என்றே முதலில் நினைத்தேன். உள்ளே போகப் போக, நம் துறையின் சில கோட்பாட்டுச் சிக்கல்கள் இங்கே கையால் தொட்டுப் பார்க்கும்படி கிடப்பதைக் கண்டேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1792 ஏப்ரல் 2 அன்று இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, பிலடெல்பியாவில் அமெரிக்க நாணயச்சாலை அமைந்தது. 1793 மார்ச்சில் அங்கிருந்து முதல் சென்டுகள், மொத்தம் 11,178, புழக்கத்துக்கு வந்தன. நம் பழைய ஒரு ரூபாயைவிடச் சற்று அகலமான, கனத்த செப்புக் காசுகள். இந்தப் பெரிய சென்ட் 1857-இல் நிறுத்தப்படும்வரை மக்கள் கையில் புழங்கியது. கடைப்பெட்டியிலும் சட்டைப்பையிலும் 40, 50 ஆண்டுகள் உராய்ந்த பிறகுதான் பல காசுகள் சேகரிப்பாளரிடம் வந்து சேர்ந்தன. ஆகவே தேய்மானம் இத்துறையில் விதிவிலக்கு அன்று, அதுவே பொதுநிலை.

அச்சுகள் செய்யப்பட்ட முறைதான் இவ்வாய்வுக்கு இடம் கொடுக்கிறது. அச்சு என்பது பதமேற்றிய எஃகுக் கட்டை. காசில் வர வேண்டிய உருவம் அதன் முகத்தில் குழிவாகவும் இடவலம் மாறியும் இருக்கும். சுதந்திர தேவியின் தலை போன்ற பெரிய உறுப்புகளை ஒரே அடியில் பதிக்கும் முளைகள் விரைவிலேயே வந்துவிட்டன. ஆனால் எழுத்துகள், ஆண்டின் எண்கள், இலைவளையத்தின் காய்கள், கீழே வரும் பின்னம் ஆகியவை ஒவ்வொன்றாகக் கையால் அறையப்பட்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எஃகுமுளை. ஒவ்வோர் அடியும் தனிச்செயல். ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு அச்சுகள் செய்தாலும் எழுத்துகளின் இடைவெளியும் சாய்வும் ஒத்துப்போவதில்லை. 1794 என்று ஆண்டு பொறித்த சென்டுகளில் மட்டும் 50-க்கும் மேற்பட்ட அச்சிணைகள் பிரித்தறியப்பட்டுள்ளன.

இதையெல்லாம் பிரித்தறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1804-ஆம் ஆண்டுச் சென்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நாணயச்சாலை 7.5 லட்சத்துக்கும் மேற்பட்ட சென்டுகளை வெளியிட்டதாகப் பழைய கணக்கு சொல்கிறது. ஆனால் 1804 என்று பொறித்த சென்டுகள் அரியவை. உண்மையானவை அனைத்தும் ஒரே முன்பக்க அச்சு, ஒரே பின்பக்க அச்சு ஆகியவற்றிலிருந்து வந்தவை. அக்காலத்து எஃகில் செய்த ஓரிணை அச்சு அத்தனை காசுகளைத் தாங்கியிருக்க இயலாது. கணக்கேடு சொல்வது அந்த நாட்காட்டி ஆண்டில் ஒப்படைக்கப்பட்ட காசுகளின் எண்ணிக்கை மட்டுமே. முந்தைய ஆண்டு பொறித்த அச்சு உழைக்கும் நிலையில் இருந்தால் அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது, எஃகு விலையுயர்ந்தது. எனவே 1804-இல் வெளிவந்தவற்றுள் மிகப் பல 1803 என்று பொறித்தவையாகவே இருந்திருக்க வேண்டும். எழுத்துமூல ஆவணத்தின் கூற்றைத் திருத்துவது இங்கே காசின் சான்று. ஆவணக்காப்பகமே வரலாற்றின் இறுதிச்சொல் என்று நம்புகிற நண்பர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நின்று பார்க்கலாம்.

அந்த ஓரிணையிலும் ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. முதலில் அச்சுகள் முழுமையாக இருந்தன. பின்னர் ஓரங்கள் பெயர்ந்தன. முன்பக்கத்தில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு மேலும், பின்பக்கத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லின் நடு எழுத்துகளுக்கு மேலும் விளிம்பு உடைந்துபோனது. அச்சில் உடைந்த பள்ளத்துக்குள் செம்பு புகுந்து காசில் மொட்டையான மேடாக நின்றது. தேய்ந்த காசைக் கையாள்பவருக்கு இந்த மேடுகள் வரம்போன்றவை. முகம் போய், கூந்தல் போய், எண்களும் மங்கிய பிறகும் ஓரத்து மேடு நிற்கும். அச்சின் பழுதே காசின் அடையாளச் சீட்டாகிறது.

இங்கே நான்கு வகை மாற்றங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் இவற்றைக் கலப்பதால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. அச்சைச் செய்யும்போதே அமைந்துவிட்ட தனித்தன்மை முதல் வகை. அது அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் திரும்ப வரும். அச்சு உழைக்க உழைக்க அதில் விழும் வெடிப்பும் உடைப்பும் இரண்டாவது. அவை ஒரு கட்டத்தில் தோன்றி, காசுக்குக் காசு வளரும். இடையில் செப்பு வில்லை இல்லாமலே திருகுப்பொறி இறங்கி, இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று மோதிப் பதிந்துகொள்ளும் தழும்பும் இவ்வகையில் அடங்கும். மூன்றாவது, ஒரே ஓர் அடிப்பில் நேர்ந்த பிழை. வில்லை மையம் தவறி விழுந்திருக்கலாம், இரண்டு முறை அடிபட்டிருக்கலாம். முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் முகத்தைக் குழிவாகவும் இடம்வலமாகவும் பதித்திருக்கலாம். இது அந்த ஒரு காசுக்கு மட்டும் உரியது. நான்காவது, நாணயச்சாலையை விட்டு வெளியேறிய பின் நேர்ந்த சேதம்: கீறல், நசுக்கல், துளை, அமில அரிப்பு.

இணைய ஏலங்களில் 'அரிய பிழைக் காசு' என்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை நான்காம் வகையைச் சேர்ந்தவை. பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அச்சில் விழுந்த வெடிப்பு பள்ளம். ஆகவே காசில் அது மேடாகவே வரும். காசின் மேல் பிற்பாடு விழுந்த கீறல் பள்ளமாகவே இருக்கும். காசைக் கிடைமட்டமாக வைத்து, ஒளியைத் தாழ்வாக ஒரு பக்கத்திலிருந்து விட்டு, மெல்லச் சுழற்றினால் கோட்டின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே விடை சொல்லிவிடும். ஆனால் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையிலான வேறுபாட்டை ஒற்றைக் காசைக் கொண்டு எப்போதும் தீர்த்துவிட முடியாது. ஓர் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. முளை அச்சில் இருமுறை அறையப்பட்டதா, வில்லை இருமுறை அடிபட்டதா? இன்னொரு பிரதியில் அதே இரட்டிப்பு அதே இடத்தில் இருந்தால்தான் அது அச்சினுடையது. திரும்ப வருவது அமைப்பைச் சேர்ந்தது, ஒருமுறை நேர்வது நிகழ்வைச் சேர்ந்தது. நாக்குப் பிறழ்வையும் வட்டார வழக்கையும் பிரிக்க மொழியியல் மாணவர் முதலாண்டில் கற்கும் அதே பாடம்.

இனி பெயர்களைப் பற்றிச் சிறிது. பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்ட் மாரிஸ், 1869-இல் 1794-ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளின் வகைகளைப் பட்டியலிட்டார். எண் கொடுத்ததோடு நில்லாமல், தேவியின் தலையுருவைப் பார்த்துப் பெயரும் வைத்தார். 'கடல் வீனஸ்', 'தழும்புத் தலை', 'படகோனியன்' என்ற பொருள்படும் பெயர்கள் இன்றும் சேகரிப்பாளர் நாவில் புழங்குகின்றன. அவ்வாண்டின் தலையுருக்களில் கைவேலை மிகுதி என்பதால் முகத்துக்கு முகம் வேறுபாடு உண்மையிலேயே இருந்தது. பெயர்கள் இனியவை. ஆயினும் தேய்ந்த காசின் முன் அவை உதவாமல் போகின்றன. காசில் உயர்ந்து நிற்கும் பகுதிகள் கன்னமும் கூந்தலும். உராய்வு முதலில் தின்பது அவற்றைத்தான். வீனஸின் அழகு 20 ஆண்டுப் புழக்கத்தில் கரைந்துவிடும்.

கரையாமல் எஞ்சுவது என்ன? இடநிலை. ஆண்டின் கடைசி எண் மார்பின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, பின்பக்கத்தில் ஓர் இலையின் முனை எந்த எழுத்தின் எந்தக் காலுக்குக் கீழ் வந்து முடிகிறது, இலைவளையத்தில் இடப்புறம் எத்தனை காய்கள், வலப்புறம் எத்தனை, பின்னத்தின் கோடு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பவை. ஓர் எழுத்தின் வடிவம் முற்றாக மங்கி, அது ஒரு புள்ளியளவு மேடாகச் சுருங்கினாலும், அந்த மேடு எங்கே இருக்கிறது என்பது மாறுவதில்லை. ஷெல்டனும் அவர்வழி வந்தவர்களும் வகைகளை விவரித்தது இத்தகைய உறவுகளைக் கொண்டுதான். தேர்ந்தவர்கள் இரண்டு மூன்று புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்து, அக்கோடு வேறெந்த உறுப்பைத் தொடுகிறது என்று பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். மொழியில் ஓர் உறுப்பின் மதிப்பு பிற உறுப்புகளோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது என்று சொசூர் கருதியதை நாம் வகுப்பறையில் சற்று அந்தரத்தில் வைத்தே பேசுவோம். தேய்ந்த சென்டில் அது மில்லிமீட்டரில் அளக்கக்கூடிய உண்மை.

இதே இடநிலைதான் பொய்யையும் காட்டிக்கொடுக்கிறது. 1804 அரியது என்பதால், பிற ஆண்டுச் சென்டின் கடைசி எண்ணைச் சுரண்டி நாலாக மாற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தேய்ந்த காசில் இவ்வேலை எளிது. சுரண்டலும் தேய்மானம்போல் தோன்றும். ஆனால் உண்மையான 1804 காசில், ஆண்டில் உள்ள சுழி பின்பக்கத்தில் 'ஆஃப்' என்ற சொல்லின் ஓ எழுத்துக்கு நேர் பின்னால் அமையும். சுரண்டுபவர் எண்ணைத் திருத்தலாம். இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான உறவை எப்படித் திருத்துவார்? 1860 அளவில், கழிக்கப்பட்ட பழைய அச்சுகளைக் கொண்டு தனியார் அடித்த இன்னொரு '1804' உண்டு. அதன் முன்பக்கம் 1803-இன் அச்சைத் திருத்தியது. பின்பக்கம் 1820-ஐச் சேர்ந்தது. 1807-க்குப் பின் சென்டின் பின்பக்கத்தில் பின்னம் பொறிப்பதையே விட்டுவிட்டார்கள். ஆகவே 1804 என்று சொல்லிக்கொண்டு, இலைவளையத்தின் கீழே 1/100 இல்லாமல் வரும் காசு தன் பிறப்பைத் தானே அறிவித்துவிடுகிறது.

அந்தப் பின்னத்தில்தான் எனக்கு மிகப் பிடித்த பிழை இருக்கிறது. சென்ட் என்பது டாலரில் நூறில் ஒரு பங்கு, ஆகவே 1/100. 1801-இன் ஓர் அச்சில் அது 1/000 என்று விழுந்துவிட்டது. ஒன்றின்கீழ் மூன்று சுழிகள். கணக்குப்படி பொருளே இல்லை. அதே அச்சில் 'யுனைட்டட்' என்ற சொல்லின் முதலெழுத்து இரண்டு ஐ எழுத்துகள்போல் நிற்கிறது. இலைவளையத்தின் இடக்காம்பையும் காணோம். சேகரிப்பாளர் இதை 'மூன்று பிழைப் பின்பக்கம்' என்பர். சுழிமுளையைக் கையில் எடுத்தவர், ஒன்றுக்கு உரிய முளைக்கு மாறாமல் மூன்று முறையும் அதையே அறைந்துவிட்டார் என்று ஊகிக்கிறேன். ஏடெழுதுவோர் அடுத்த எழுத்தை முன்கூட்டியே எழுதிவிடுவதும் இதுவும் ஒரே இனம். 1796-இன் ஓர் அச்சில் 'லிபர்ட்டி'யின் பி எழுத்து தவறான பக்கம் திரும்பி அறையப்பட்டு, அதன் மேலேயே திருத்தப்பட்டதால் எச் எழுத்துபோல் தெரியும். அந்தக் காசு இன்றும் 'லிஹெர்ட்டி' என்றே அழைக்கப்படுகிறது. அச்சு வெட்டுபவர் எழுத்துகளை இடவலம் மாற்றியே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதை நினைத்தால் இத்தகைய பிழைகள் இவ்வளவு குறைவாக இருப்பதே வியப்பு.

1/000 பிழையில் நம் துறைக்கு ஒரு நல்ல எச்சரிக்கையும் உண்டு. பொதுப்பிழைகள் உறவைக் காட்டும் என்பது லாக்மன் மரபின் அடிப்படை. ஆனால் 1/000 ஒரே அச்சில் மட்டும் நேரவில்லை. 1801-இன் இன்னோர் அச்சிலும், 1802-இலும் அது வருகிறது. ஓர் அச்சில் 1/000 என்று விழுந்ததைக் கண்டுபிடித்து 1/100 என்று மேலேயே திருத்தியும் இருக்கிறார்கள். மெய்ப்புப் பார்த்த ஒரு கண் அங்கே இருந்தது. காம்பு விடுபடுவதும் பிற ஆண்டுகளில் நடந்திருக்கிறது. எனவே தேய்ந்த காசில் மூன்று சுழிகள் மட்டும் தெரிந்தால் அச்சை உறுதிசெய்ய முடியாது. தனித்தனியே யாருக்கும் நேரக்கூடிய பிழைகள் ஓரிடத்தில் கூடியிருக்கும் சேர்க்கைதான் அடையாளம். பாடபேத ஆய்வேடுகளில் ஒற்றை வேறுபாட்டை வைத்துச் சுவடிக் குடும்பம் கட்டுவோர் இதைக் கவனிக்கலாம்.

அச்சுகளின் கால வரிசையும் இப்படித்தான் பெறப்படுகிறது. ஒரு பின்பக்க அச்சு இரண்டு முன்பக்க அச்சுகளோடு இணைந்து உழைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒன்றோடு வரும்போது வெடிப்பு இல்லை, மற்றதோடு வரும்போது இருக்கிறது என்றால், வெடிப்பு இல்லாததே முந்தையது; காசில் பொறித்த ஆண்டு என்ன சொன்னாலும் சரி. அக்காலத்து வெள்ளி டைமும் இரண்டரை டாலர் தங்கக் காசும் சில பின்பக்க அச்சுகளைப் பகிர்ந்துகொண்டன என்பதும் இவ்வாறே நிறுவப்பட்டது. இரண்டிலும் மதிப்பு பொறிக்கப்படவில்லை, அளவும் ஏறத்தாழ ஒன்றே. பிறகு எதற்குத் தனி அச்சு?

அரைச் சென்டுகளில் கதை இன்னும் ஓர் அடுக்கு ஆழம். செம்புக்குத் தட்டுப்பாடு நிலவிய 1795-இல், டால்பட், ஆலம் அண்ட் லீ என்னும் நியூயார்க் வணிகக்குழு வெளியிட்டிருந்த செப்பு வில்லைகளை நாணயச்சாலை வாங்கியது. அவற்றை வெட்டிச் சிறிதாக்கி, மேலேயே அரைச் சென்ட் அடித்தது. அந்த வணிகர்கள் ஈடுபட்டிருந்தது இந்தியாவோடான கடல்வாணிபத்தில். வில்லையின் ஒரு பக்கத்தில் கப்பல் இருந்தது. சில அரைச் சென்டுகளில் அந்தப் பழைய எழுத்தும் உருவமும் இன்னும் அடியில் தெரிகின்றன. பிழையாக அடிபட்ட பெரிய சென்டுகளும் இப்படியே வெட்டப்பட்டு அரைச் சென்டாயின. எழுதியதை அழித்து மேலே எழுதிய தோல்சுவடிகளைப் படித்தவர்க்கு இது புதிதன்று. தேய்ந்த அரைச் சென்டில் புரியாத மேடு ஒன்று தெரிந்தால், அதை உடனே சேதக் கணக்கில் எழுதிவிடாமல் நிறுத்திவைப்பது நல்லது.

இதுவரை சேதத்தை வெறும் இரைச்சலாகவே பேசிவந்தேன். ஷெல்டனின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் கிளாப் தம் சென்டுத் தொகுப்பை அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு 1946-இல் வழங்கினார். அத்தொகுப்பை ஆராயும் வாய்ப்புப் பெற்ற ஷெல்டன், அதிலிருந்த சிறந்த காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தாழ்ந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார். அவர் 1977-இல் இறந்து பல ஆண்டுகள் கழித்தே இது வெளிவந்தது. பதிவேட்டில் வகையெண் எப்போதும் சரியாகவே இருந்தது. அவர் தந்த முறையின்படி பார்த்தால் எதுவும் காணாமல் போகவில்லை. களவை நிறுவ வேறு சான்று வேண்டியிருந்தது: பழைய நிழற்படங்களில் தெரிந்த கீறலும் கறையும் விளிம்பு நசுக்கலும், அதாவது ஒவ்வொரு காசும் தனியே பட்ட அடிகள். 1996-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், களவை உரியவர் அறிந்த பிறகே வழக்குக்குரிய காலவரையறை தொடங்கும் என்று கழகத்துக்குச் சாதகமாகக் கூறியது. வகையைச் சொல்வது அச்சின் தழும்பு, ஆளைச் சொல்வது காசின் தழும்பு.

ஆகவேதான் தேய்ந்த காசுகளை 'மெருகேற்றி' விற்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. மங்கிய எழுத்தின் ஓரத்தை ஊசியால் கூர்மையாக்குவது, செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, துளையை அடைத்து மழுப்புவது எல்லாம் வழக்கமாக நடக்கின்றன. 50 டாலர் காசு 80 டாலர் ஆகலாம். உறவுப் புள்ளிகளில் ஒன்று நகர்ந்துவிடுகிறது. இதில் இழப்பு சிறிது என்று எண்ணுவதற்கில்லை. 1795-இன் ஒரு வகையில் விளிம்பு முழுவதும் வரிப்பள்ளங்கள் உள்ளன. இதுவரை அறியப்பட்டவை பத்துக்கும் குறைவு, எல்லாமே நன்றாகத் தேய்ந்தவை. அவற்றுள் ஒன்று 2009-இல் 12 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. யாராவது அதன் விளிம்பை அரம் வைத்துத் 'துப்புரவு' செய்திருந்தால் அப்படியொரு வகை இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

1794-இன் இன்னொரு வகையில், பின்பக்க விளிம்புப் பற்களுக்கிடையே 94 சிறு விண்மீன்கள் சுற்றிலும் பதிக்கப்பட்டுள்ளன. 1877-இல் ஹென்றி சாப்மன் கவனிக்கும்வரை அவை யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. ஏன் பதித்தார்கள் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இன்றும் இல்லை. 1793-இல், ஆண்டுக்கு மேலே வேறெந்தச் சென்டிலும் இல்லாத மூவிலைக் கொத்து ஒன்று பொறிக்கப்பட்ட காசுகள் நான்கு மட்டும் கிடைத்துள்ளன. ஓர் அச்சிணையில் ஒன்று, மற்றோர் இணையில் மூன்று. நான்கும் கடுமையாகத் தேய்ந்தவை. அந்தக் கொத்தைப் பற்றி அறிய வேண்டியது அனைத்தும், அறிய முடிகிற அளவுக்கு, அந்த நான்கு வழவழப்பான செப்பு வட்டுகளில்தான் இருக்கிறது.